டீ டிகாக்‌ஷனும் கடலின் கந்தகமும்

எல்லாருக்கும் வணக்கம். இந்த வெள்ளைத்தாளைப் பாருங்கள். என் கையில் இருப்பது கள்ளநோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச். அடித்தால் தாள் நீலமாக மினுங்குகிறது. நடுவில் ஒரு கிளாஸ் உப்புத்தண்ணீரை வைக்கிறேன், மினுமினுப்பு குறையவில்லை. இப்போது பால் சேர்க்காத டீ டிகாக்‌ஷன். தாள் இருண்டுவிட்டது, பார்த்தீர்களா? டிகாக்‌ஷன் அந்த ஒளியைக் குடித்துவிட்டது. அப்படிக் குடித்த ஒளி கடலில் என்ன செய்கிறது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

கடற்கரையில் இறங்கியதும் ஒரு வாசனை வருமே, அதில் டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தக வாயுவுக்குப் பெரிய பங்கு உண்டு. நுண்பாசிகள் உடம்பில் சேர்த்து வைக்கும் ஒரு கந்தகச் சேர்மம் சிதையும்போது அது பிறக்கிறது. கடல்நீரில் அது பரவலாக இருப்பதை அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக்கும் அவருடன் சேர்ந்தவர்களும் 1972-இல் எழுதினார்கள்.

வெயில் படும் மேல்நீரில் இந்த வாயு அழிகிறது. அங்கேதான் ஒரு முடிச்சு. இது ஒளியை உறிஞ்சுவது சுமார் 260 நானோமீட்டர் அலைநீளத்துக்குக் கீழே. கடலுக்கு வந்து சேரும் வெயிலோ ஏறக்குறைய 290-க்கு மேல்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ளதை ஓசோன் தடுத்துவிடுகிறது. அதாவது வெயில் இந்த மூலக்கூறைத் தொடுவதே இல்லை. அப்புறம் எப்படி அழிகிறது?

டிகாக்‌ஷன்தான் காரணம். மட்கிய பாசியும் ஆறு கொண்டுவரும் இலைச்சாறும் கரைந்து கடல்நீருக்கு மெல்லிய மஞ்சள் சாயம் ஏற்றுகின்றன. அந்தச் சாயப் பொருள் ஒளியை வாங்கிக் கிளர்ந்து, வாங்கிய ஆற்றலைப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் போன்றவற்றுக்குக் கைமாற்றுகிறது. ரேடிக்கல்கள் என்ற, கண நேரமே வாழும், எதோடும் உடனே வினைபுரியும் துகள்கள் பிறந்து கந்தகத்தைத் தாக்குகின்றன. நீரில் உள்ள நைட்ரேட்டும் வெயிலில் இதற்குத் துணை போகிறது. விளையும் பொருள்களில் ஒன்று டைமெத்தில் சல்ஃபாக்சைடு. அது எளிதில் ஆவியாகாமல் நீரிலேயே தங்கிவிடும்.

இதே சாயம் இன்னொரு வேலையும் செய்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் போன்ற கரிமக் கந்தகச் சேர்மங்களிலிருந்து, வெயிலின் துணையோடு, கார்போனைல் சல்ஃபைடு என்ற வாயுவை உண்டாக்குகிறது. ஒரு பக்கம் வெயில் உண்டாக்க, இன்னொரு பக்கம் தண்ணீரே அதைக் கார்பன் டை ஆக்சைடாகவும் ஹைட்ரஜன் சல்ஃபைடாகவும் உடைத்துக்கொண்டே இருக்கிறது. நீர் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் வேகமாக. அதனால் மேல்நீரில் அதன் அளவு பிற்பகலில் உச்சிக்கு ஏறி, இரவெல்லாம் சரிந்து, விடியும் நேரத்தில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். ஒரே இடத்தில் காலையில் மொண்ட வாளியும் பிற்பகலில் மொண்ட வாளியும் வேறு வேறு கதை சொல்லும். மாதிரி எடுத்த மணியைக் குறிக்காத அளவீட்டை நான் நம்பமாட்டேன்.

உடையாமல் தப்பிய கார்போனைல் சல்ஃபைடு காற்றில் ஏறுகிறது. அங்கே அது சீக்கிரம் அழிவதில்லை. ஒரு பகுதி, ஓசோன் படலம் இருக்கும் உயரமான காற்றடுக்கான அடுக்குமண்டலம் வரை போய்விடுகிறது. அங்கிருக்கும் கந்தகத் துகள் படலத்துக்கு இந்த வாயு காரணமாகலாம் என்று 1976-இல் வேதியியலாளர் பால் குருட்சன் சொன்னார். ஓசோன் முழுதாக வடிகட்டாத வெயில் அந்த உயரத்தில் உண்டு. சாயம் எதுவும் நடுவில் இல்லாமல், ஒளி அங்கேதான் இந்த மூலக்கூறை நேராகத் தொட்டு உடைக்கிறது.