காயும் வரை

நேயர்களுக்கு வணக்கம். நகத்தில் படம் வரைவதைப் பற்றி வானொலியில் பேசக் கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கண்ணால் பார்க்க வேண்டிய சங்கதியைக் காதில் எப்படிச் சொல்வது? அப்புறம் யோசித்தால், எனக்கு இதைவிடத் தோதான இடம் அமையாது என்று பட்டது. என் நகங்களை நீங்கள் பார்க்க முடியாதல்லவா! இந்த உரைக்காகவே நேற்று ராத்திரி வலது மோதிர விரலில் ஐந்து இதழோடு ஒரு வெள்ளைப் பூ வைத்தேன். காலையில் பார்த்தால் பூ இருக்கிறது. பூவின் மேல் என் போர்வையின் நெசவும் இருக்கிறது. குறுக்கும் நெடுக்குமாக, நூல் நூலாக எண்ணிவிடலாம்.

மூன்று வருடமாக வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்துகொண்டிருக்கிறேன். இன்னும் என்னைக் கற்றுக்குட்டி என்றுதான் சொல்லிக்கொள்வேன். வரையத் தெரியாததால்தான் நன்றாக வரவில்லை என்று முதல் வருடம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. எப்போது சும்மா உட்கார வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்பது பிடிபடாததுதான் என் கோளாறு. சில வேலைகளில் பாலிஷ் காயும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். சிலவற்றில் அது காய்வதற்குள் முடித்தாக வேண்டும். நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தேன்.

முதலில் அந்தப் போர்வைக் கதையை முடித்துவிடுகிறேன். சாதாரண நெயில் பாலிஷில் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் என்கிற பொருள். அதை எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் போன்ற கரைப்பான்களில் கரைத்து, நிறம் சேர்த்து, குப்பியில் அடைக்கிறார்கள். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிறதே ஒரு வாசனை, அது இந்தக் கரைப்பான்களின் வாசனைதான். ஒரு காலத்தில் மோட்டார் கார்களுக்கு அடித்த வண்ணமும் இதே குடும்பம். நாம் 'காய்கிறது' என்று சொல்வது கரைப்பான் ஆவியாகி வெளியேறுவதை. அது மேலே இருந்துதான் வெளியேறும். அதனால் மேல்பரப்பு முதலில் தோல் கட்டிவிடும். பத்து, பதினைந்து நிமிடத்தில் தொட்டால் ஒட்டாது. காய்ந்துவிட்டது என்று நம்பி நாம் படுத்துவிடுவோம். அடியில் இருக்கிற பாலிஷ் இறுக இன்னும் பல மணி நேரம் ஆகும். அதுவரை போர்வை, தலையணை உறை, பர்ஸின் ஜிப், எது அழுத்தினாலும் அதன் அச்சு விழும்.

ஒரே தடவையில் நிறம் வர வேண்டும் என்று கெட்டியாகப் பூசினால் இன்னும் மோசம். அடியில் மாட்டிக்கொண்ட கரைப்பான் வெளியே வர வழி தேடிக் கொப்புளமாகக் கிளம்பும். இரண்டு கெட்டிப் பூச்சைவிட மூன்று மெல்லிய பூச்சு சீக்கிரம் காயும். இதை யார் சொன்னாலும் நான் நம்பாமல் இருந்தேன். கணக்குக்கே ஒத்து வரவில்லையே! ஒரு நாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு கையிலும் இரண்டு விதமாகப் பூசிப் பார்த்த பிறகுதான் நம்பினேன். குப்பியைக் குலுக்குவதும் வேண்டாம். குலுக்கினால் உள்ளே காற்றுக் குமிழி சேரும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினால் போதும். மெல்லிய பூச்சு, மூன்று முறை. இதை இன்னும் ஒரு தரம் சொல்வேன், கோபிக்காதீர்கள்.

சரி, இனி படத்துக்கு வருவோம். புள்ளி வைப்பதில்தான் நான் ஆரம்பித்தேன். எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கென்று முனையில் குண்டு வைத்த குச்சிகள் விற்கிறார்கள். வாங்காமலே தொடங்கலாம். ஹேர்பின்னின் உருண்டை முனை, மை தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீஃபில், பென்சில் ரப்பரில் குத்திய குண்டூசியின் தலை என்று வீட்டிலேயே மூன்று அளவில் புள்ளி கிடைத்துவிடும். பாலிஷை ஒரு பிளாஸ்டிக் மூடியில் ஒரு சொட்டு விட்டு, முனையைத் தொட்டு, நகத்தில் செங்குத்தாக வைத்து எடுக்க வேண்டும். அழுத்தக் கூடாது. முனை நகத்தைத் தொட வேண்டியதுகூட இல்லை, சொட்டு தொட்டாலே போதும். ஐந்து புள்ளி வட்டமாக, நடுவில் வேறு நிறத்தில் ஒன்று. அவ்வளவுதான் பூ. வரையவே தெரியாத என் கையிலும் முதல் நாளே பூ வந்துவிட்டது.

வந்தது இடது கையில். வலது கையில் வரவில்லை. நான் வலது கைப் பழக்கக்காரி. வலது கைக்குப் பூச வேண்டியது இடது கையல்லவா? அது இத்தனை வருடம் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளவும் கதவைத் தள்ளவும் மட்டுமே பழகிய கை. திடீரென்று அதன் விரலில் பிரஷ்ஷைக் கொடுத்தால் என்ன செய்யும், பாவம்? ரொம்ப நாள் கழித்துத்தான் ஒரு வழி தெரிந்தது. இடது கையில் பிரஷ்ஷை அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது கை விரலை அதன் கீழே நகர்த்த வேண்டும். இரண்டு முழங்கையும் மேஜையில் ஊன்றியிருக்கட்டும், இரண்டு சுண்டு விரலும் ஒன்றை ஒன்று முட்டியிருக்கட்டும். நடுக்கம் பாதிக்கு மேல் அடங்கிவிடும். இன்னொன்று, கடினமான வலது கையை முதலில் முடித்துவிடுங்கள். பொறுமை புதிதாக இருக்கும்போதே அதைச் செலவழித்துவிட வேண்டும்.

ஓரத்தில் வழிந்ததைப் பற்றி அழ வேண்டாம். தட்டையான சின்ன பிரஷ் ஒன்றை ரிமூவரில் நனைத்து நகத்தைச் சுற்றி ஒரு இழுப்பு இழுத்தால் எல்லை சுத்தமாகிவிடும். படத்தில் பார்க்கிற பளிச்சென்ற நகங்களுக்கும் நம் நகங்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இந்த இழுப்புதான்.

ஸ்பாஞ்ச் வைத்து ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மங்கலாக மாறுகிற மாதிரி செய்வது சுலபமான வேலை. அடியில் வெள்ளை பூசிக் காயவிட்டு, ஸ்பாஞ்சை லேசாக நனைத்துப் பிழிந்து, அதில் இரண்டு நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பட்டையாகத் தடவி, நகத்தில் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்த ஸ்பாஞ்சில் தடவினால் அதுவே பாலிஷைக் குடித்துவிடும். முதல் ஒற்றில் அசிங்கமாகத்தான் இருக்கும். மூன்றாவது ஒற்றில் சரியாகும். இங்கேயும் மெல்லியதாக, மூன்று முறை. சொன்னேனல்லவா!

டேப் ஒட்டிக் கோடு போடுவதில்தான் பலரும் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கினேன். அடிப்பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகுதான் டேப்பை ஒட்ட வேண்டும். மேல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதை உரிக்க வேண்டும். நான் அடியில் அவசரப்பட்டேன், மேலே பொறுமை காத்தேன். டேப்பை இழுத்தபோது அடிப்பூச்சும் மேல்பூச்சும் கைகோத்துக்கொண்டு சேர்ந்தே வந்துவிட்டன. நுனி மட்டும் வெள்ளையாக விடுகிற பிரெஞ்சு மேனிக்யூருக்கும் இதே டேப்தான். பெயரைக் கேட்டால் பாரிஸ் என்று தோன்றும். ஆனால் 1970களில் ஹாலிவுட் நடிகைகளுக்காக அதைப் பிரபலமாக்கியவர் ஓர்லி நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் பிங்க் என்கிற அமெரிக்கத் தொழில்காரர். எந்த உடைக்கும் பொருந்துகிற நகம் இருந்தால், காட்சிக்குக் காட்சி பாலிஷை மாற்ற வேண்டியதில்லை என்பது அதில் இருந்த சௌகரியம்.

அடுத்தது தண்ணீரில் பளிங்குக் கோலம். வாட்டர் மார்பிள் என்பார்கள். காகிதத்தில் இதைச் செய்கிற வழக்கம் மிகப் பழையது. ஜப்பானில் சுமினாகாஷி என்று பெயர், மிதக்கும் மை என்று பொருள். துருக்கியில் எப்ரு, 2014இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. நகத்துக்குச் செய்கிறபோது ஒரு சின்னக் கப்பில் அறை வெப்பநிலையில் இருக்கிற தண்ணீர் எடுத்து, பாலிஷ் ஒரு சொட்டு விடுகிறோம். அது வட்டமாகப் பரவும். நடுவில் இன்னொரு நிறம், அதன் நடுவில் மறுபடி முதல் நிறம். வளையத்துக்குள் வளையம். பல்குச்சியால் நடுவிலிருந்து வெளியே இழுத்தால் இதழ் பிரியும். விரலை உள்ளே அமிழ்த்தி எடுத்தால் நகத்தில் பூ.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! பாலிஷ் புதிதாக இல்லாவிட்டால் சொட்டு பரவாது, கல் மாதிரி அடியில் போய் உட்காரும். தண்ணீர் ஜில்லென்று இருந்தாலும் பரவாது. பரவினாலும் அது படலமாக இறுகச் சில விநாடிகளே ஆகும். அழகாக இருக்கிறதே என்று நான் ரசித்துக்கொண்டிருந்த நேரத்தில் பல்குச்சி மொத்தப் படலத்தையும் தோல் மாதிரி சுருட்டி எடுத்துவிட்டது. அடுத்த கப்பில் விரலை முக்கிவிட்டேன், நகத்தில் பூவும் வந்துவிட்டது. வெளியே எடுக்கும்போது தண்ணீர் மேலே மிச்சம் இருந்த படலம் விரலைச் சுற்றிக்கொண்டது. உள்ளே போகும்போது ஒரு பூ, வெளியே வரும்போது அதன் மேல் ஒரு போர்வை. என் வாழ்க்கையில் போர்வை விடவே மாட்டேன் என்கிறது! விரலைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மிச்சப் படலத்தைப் பல்குச்சியால் சுருட்டி எடுத்து, மேற்பரப்பு தெளிந்த பிறகே கையை உயர்த்த வேண்டும். விரலைச் சுற்றி முன்னதாகவே டேப்போ வாசலினோ போட்டுக்கொண்டால் துடைக்கிற வேலை மிச்சம்.

இப்போது நான் சொல்ல ஆசைப்பட்டு வந்த கதை. ஸ்டாம்பிங். ஒரு இரும்புத் தகட்டில் நுணுக்கமான வடிவங்களைச் செதுக்கியிருப்பார்கள். அதன் மேல் பாலிஷைத் தடவி, ஸ்கிரேப்பரால் ஒரே வழிப்பு வழித்தால் பள்ளத்தில் மட்டும் நிறம் தங்கும். சிலிகான் ஸ்டாம்பரை அதன் மேல் ஒற்றினால் வடிவம் ஸ்டாம்பரில் ஏறும். அதை நகத்தில் உருட்டினால் அச்சு. ரப்பர் ஸ்டாம்பு மாதிரிதான்.

என் தகட்டில் ஒரு கொடி, ஒரு மயிலிறகு, ஒரு வலை என்று பளபளவென்று நீல நிறத்தில் வடிவங்கள். முதல் நாள் சாயங்காலம் தடவினேன், வழித்தேன், ஒற்றினேன். ஸ்டாம்பரில் ஒன்றும் இல்லை. மறுபடி. ஒன்றும் இல்லை. பாலிஷ்தான் சரியில்லை, ஸ்டாம்பிங்குக்கென்று நிறம் அடர்த்தியான பாலிஷ் வேண்டும் என்று படித்து அதையும் வாங்கினேன். இரண்டாம் நாள் அதைத் தடவினேன். ஒன்றும் இல்லை. ஸ்கிரேப்பரை அழுத்துகிறேன் போலிருக்கிறது என்று மெதுவாக வழித்தேன். தகடு முழுக்க அப்பிக்கொண்டது. அழுத்தி வழித்தேன். கண்ணாடி மாதிரி சுத்தமாகிவிட்டது. மூன்றாம் நாள் பழி ஸ்டாம்பர் மேல் போயிற்று. புது சிலிகானில் வழுவழுப்பு அதிகம், கொஞ்சம் உரசிவிட வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி, நகம் தேய்க்கிற அட்டையால் அதை உரசித் தள்ளினேன். இதற்கு நடுவில், பாலிஷைக் கரைக்கிற அசிட்டோனால் துடைத்துத் துடைத்துத் தகட்டின் ஒரு மூலை சுருங்க ஆரம்பித்தது. இரும்பு எப்படிச் சுருங்கும் என்று நான் யோசித்தேனா? இல்லை. மட்டமான தகடு, தோல் உரிகிறது என்று திட்டினேன்.

என் மகள் பக்கத்தில் வந்து நின்றாள். தகட்டை வாங்கி, அந்தச் சுருங்கின மூலையை நகத்தால் நெம்பினாள். நீலம் முழுசும் ஒரு தாளாக உரிந்து வந்தது. கீழே வெள்ளி நிறத்தில் தகடு. "அம்மா, நீ மூணு நாளா கவர் மேலயே அச்சடிச்சிட்டு இருந்திருக்க" என்றாள்.

தகட்டில் கீறல் விழாமல் இருக்க ஒட்டி அனுப்புகிற பாதுகாப்புத் தாள் அது. புதியவர்கள் பலர் இதில்தான் விழுகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பலர் ஒரு நாள் விழுந்திருப்பார்கள். மூன்று நாள் விழுந்தது நான்தான் போலிருக்கிறது. தாளை உரித்த பிறகு முதல் ஒற்றிலேயே மயிலிறகு வந்தது, ஒவ்வொரு இழையாக. அந்தச் சந்தோஷத்தில் உடனே டாப் கோட்டை, அதாவது கடைசியில் மேலே பூசுகிற நிறமில்லாத பூச்சை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். மயிலிறகு மை கொட்டின காகிதம் ஆயிற்று. அச்சடிக்கிற வரை ஓட வேண்டும், ஏனென்றால் பள்ளத்தில் இருக்கிற அந்தத் துளி பாலிஷ் சில விநாடியில் காய்ந்துவிடும். அச்சு விழுந்த பிறகு சில நிமிடம் உட்கார வேண்டும். அப்புறம் பிரஷ் நகத்தைத் தொடாமல், அதில் இருக்கிற சொட்டு மட்டும் தொடுகிற மாதிரி ஒரே இழுப்பு. ஸ்டாம்பரைத் துடைக்கவும் அசிட்டோன் வேண்டாம், ஒட்டுகிற டேப்பில் ஒற்றி எடுத்தால் போதும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். ஜெல் பாலிஷ் பற்றி விரிவாகப் பேச எழுதி வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெல் ஆவியாகிக் காய்வதில்லை. புற ஊதா விளக்கின் ஒளி பட்டு வேதிவினை நடந்து கெட்டியாகிறது. கெட்டியாகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரலாம். வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றான ஹெமா என்கிற பொருளைத் தொழில்முறையாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் விதி இருக்கிறது. அதனால் தோலில் வழிந்தால் விளக்கில் வைப்பதற்கு முன்பே துடைத்துவிடுங்கள். ஜெல்லை உரித்து எடுக்காதீர்கள், நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வரும். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், கெட்டுப்போன நகம் முழுக்க மாற 6 மாதம் ஆகும்.

நிறத்துக்கு அடியில் பூசுகிற பேஸ் கோட் போடாமல் சிவப்பு பூசினால் நகம் மஞ்சளாகலாம், நான் அனுபவித்திருக்கிறேன். பாலிஷ், அசிட்டோன் இரண்டும் சட்டென்று தீப்பிடிக்கும். விளக்கு, அடுப்புப் பக்கம் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் பாலிஷை எடுத்துவிட்டுப் போங்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவியை அடர் நிறங்கள் குழப்பலாம். காந்தப் பாலிஷ் பற்றி... இல்லை, நேரம் ஆகிவிட்டது, கையையே ஆட்டுகிறார்கள். தகடு வாங்குகிறவர்கள் அந்த நீலத் தாளை உரித்துவிடுங்கள். வணக்கம்.