பினாங்கா, சியாங் மாயா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்து, இன்று ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு சிட்னிக்கோ லண்டனுக்கோ வேலை செய்யும் இளையோர் நம்மிடையே பெருகி வருகிறார்கள். மின்னிலக்க நாடோடிகள் என்று இத்தகையோரைக் குறிப்பிடுகிறோம். அலுவலகம் என்று ஓரிடம் இல்லாதவர்களுக்கு எந்த ஊரில் தங்குவது என்ற கேள்வி எழுவது இயல்பு. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நெடுங்காலமாகத் தொலைவிலிருந்தே கணக்கு எழுதி வருகின்றவள் என்பதால் இக்கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு ஊர்களையே சொல்கிறார்கள். ஒன்று, நமக்கு அருகிலுள்ள பினாங்கு. மற்றொன்று, வடதாய்லாந்தின் சியாங் மாய்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருப்பிடமாகப் பினாங்கை வைத்துக்கொள்ளுங்கள்; சியாங் மாய்க்கு நவம்பர் முதல் ஜனவரி வரை போய் வாருங்கள். இதற்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், வாடகையையும் காப்பிக் கடைகளையும் விட முதன்மையானதாக எனக்குத் தோன்றுவது கடிகாரம்.

சியாங் மாய் பினாங்குக்கு ஏறத்தாழ நேர் வடக்கே, 1,500 கிலோமீட்டர் தொலைவில், சொல்லப்போனால் சற்று மேற்கே தள்ளி இருக்கிறது. சூரியன் இரண்டு ஊர்களிலும் சில நிமிட வேறுபாட்டில்தான் உச்சிக்கு வருகிறது. ஆனால், அவர்களுடைய கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பிந்தியது. அந்த ஒரு மணி நேரத்தில் பாதி, நாம் அறிந்தே கூட்டிக்கொண்டது. சபா, சரவாக்குடன் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக, 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். என் தாயார் அப்போது ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்; பெரட்டுக்கு, அதாவது விடியுமுன் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போகும் மணி மாறவில்லை, இருட்டுதான் அரை மணி நேரம் கூடிவிட்டது என்று அவர் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும், வெயில் ஏறினால் குறைந்துவிடும் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். ஆகவே தோட்டத்தில் நம்மை எழுப்பியது மரம்தான். தொலைவிலிருந்து வேலை செய்பவருக்கு அந்த மரத்தின் இடத்தில் வாடிக்கையாளர் இருக்கிறார்.

எண்கள் காதில் நிற்பதில்லை என்பதால் சற்று மெதுவாகவே சொல்கிறேன். சிட்னியில் காலை 9 மணி என்றால் பினாங்கில் 7 மணி, சியாங் மாயில் 6 மணி. அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை சிட்னிக்காரர்கள் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைத்திருப்பார்கள். அம்மாதங்களில் பினாங்கில் 6 மணி, சியாங் மாயில் 5 மணி. இலண்டனுக்கு வேலை செய்பவருக்கோ நிலைமை தலைகீழ். அங்கே குளிர்காலத்தில் 9 மணி முதல் 5 மணி வரை உள்ள அலுவலக நேரம், பினாங்கில் மாலை 5 மணிக்குத் தொடங்கிப் பின்னிரவு 1 மணிக்கு முடியும். சியாங் மாயில் நள்ளிரவு 12 மணிக்கே படுத்துவிடலாம். மறுபடியும் சொல்கிறேன்: ஆஸ்திரேலியாவுக்கு வேலை என்றால் பினாங்கு, இலண்டனுக்கு வேலை என்றால் கடிகாரத்தை மட்டும் பார்க்கும்போது சியாங் மாய். நம் பக்கத்து இளையோரில் எனக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஆஸ்திரேலிய நிறுவனங்களுக்கே வேலை செய்கிறார்கள். இலண்டனுக்கு வேலை செய்கிறவர்களும் கலங்க வேண்டியதில்லை. பின்னிரவு 1 மணிக்குப் பசித்தால் சோறும் குழம்பும் தரும் நாசி கண்டார் கடை திறந்திருக்கும் ஊர் பினாங்கு.

அடுத்து, காற்று. சியாங் மாய் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த ஊர். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, அறுவடை முடிந்த வயல்களிலும் காடுகளிலும் எரியும் தீயின் புகை மேலே எழ வழியின்றி ஊருக்குள்ளேயே தேங்கி நிற்கும். உலகிலேயே மிக மாசடைந்த நகரங்களின் பட்டியலில் அவ்வூர் முதலிடத்துக்கு வரும் நாள்களும் உண்டு. டிசம்பரில் எடுத்த அழகான படங்களைப் பார்த்துவிட்டு மார்ச் மாதத்துக்கு அறை எடுக்காதீர்கள். பினாங்குக்கும் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வருவதுண்டு. 2015ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் பள்ளிகளை மூடியதை நாம் மறக்கவில்லை. ஆனால், அது வறண்ட ஆண்டுகளில் கடுமையாவது. சியாங் மாயின் புகை ஆண்டுதோறும் வருவது.

வாடகையில் சியாங் மாய்தான் மலிவு, அதில் ஐயமில்லை. நிம்மான் வட்டாரத்திலும் பழைய நகரின் அகழியைச் சுற்றிலும் கட்டில், மேசையுடன் கூடிய அறைகள் மாத வாடகைக்குக் கிடைக்கின்றன. பினாங்கில் வீட்டுக்காரர் வழக்கமாக ஓராண்டு ஒப்பந்தமும், இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும், மின்சாரத்துக்கும் நீருக்கும் மேலும் அரை மாத வாடகையையும் கேட்பார். புதிதாகச் சம்பாதிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு அது பெருந்தொகை. இருவர், மூவராகச் சேர்ந்து வீடு எடுப்பதே அதற்கு வழி. ஆனால் இங்கிருந்து ரயிலேறினால் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, மறுகரையில் ஜார்ஜ்டவுன். வீட்டில் யாருக்கேனும் உடல்நலமில்லை என்றால் அன்றைக்கே திரும்பிவிடலாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தே போகலாம்.

நேரமாகிவிட்டது என்று நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள். கணக்கராகிய நான் விரிவாகப் பேச எண்ணி வந்த குடிநுழைவையும் வரியையும் விரைந்து சொல்லிவிடுகிறேன். தொலைவிலிருந்து வேலை செய்வோர் போன்றவர்களுக்காகத் தாய்லாந்து 2024 ஜூலையில் தொடங்கிய டிடிவி விசா 5 ஆண்டுகளுக்குச் செல்லும்; ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள்கள் தங்கலாம்; வங்கியில் 5,00,000 பாட் சேமிப்பு காட்ட வேண்டும். மின்னிலக்க நாடோடிகளுக்கான நம் நாட்டின் டிஇ ரந்தாவ் அனுமதி, 2022ஆம் ஆண்டு வெளிநாட்டவருக்காகத் தொடங்கப்பட்டது. நமக்கு அது தேவையில்லை. தாய்லாந்தில் ஓராண்டில் 180 நாள்கள் தங்கிவிட்டால் அந்நாட்டு வரிக்கு உட்பட்டவர் ஆகிறீர்கள். அப்படிப்பட்டவர் வெளிநாட்டில் ஈட்டி உள்ளே கொண்டுவரும் பணத்துக்கு 2024 முதல் வரி உண்டு. பினாங்கில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு, முதலாளி எந்த நாட்டில் இருந்தாலும், இங்கே வருமான வரிப் பாரம் நிரப்ப வேண்டும். வெளிநாட்டு முதலாளி உங்களுக்கு இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிப் பணம் கட்டமாட்டார். சொந்தத் தொழில் செய்வோருக்கான ஐ-சாரான் திட்டத்தில் நீங்களே மாதந்தோறும் செலுத்தி வாருங்கள். அதற்கான பதிவை இபிஎஃப் கிளை அலுவலகத்தில் செய்துகொள்ளலாம். வணக்கம்.