வினாடி வினா பயிற்சியை ஒரு வேலையாகவே செய்ய முடியுமா?

அடுத்த கேள்வி ஒரு ஆசிரியையிடமிருந்து வந்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறதாம், தலைமையாசிரியர் வினாடி வினா அணியை அவர் பொறுப்பில் விட்டுவிட்டார். "சார், இதை ஒரு தொழிலாகவே எடுத்துக்கொள்ள முடியுமா? பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?" என்று கேட்கிறார்.

முதலில் பணத்தைப் பேசி முடித்துவிடுவோம் டீச்சர். நம் பள்ளிகளில் வினாடி வினா பயிற்சியாளர் என்று தனிப் பணியிடம் கிடையாது. கணக்குக்கோ அறிவியலுக்கோ எடுப்பார்கள், இது அதற்கு மேல் நாமாகச் சுமப்பது. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இடையே குவிஸ் பவுல் என்கிற அணி வினாடி வினாப் போட்டிகள் பெரிய அளவில் நடக்கின்றன, அங்கேயும் பயிற்சியாளர் பெரும்பாலும் அதே பள்ளியில் பாடம் நடத்துகிறவர்தான், என்ன, பல பள்ளிகளில் அதற்கென்று தனியாக ஒரு தொகை கொடுக்கிறார்கள். இங்கே நகரத்துத் தனியார் பள்ளிகள் சில வெளியிலிருந்து ஆள் வைத்து மணிக்கணக்கில் சம்பளம் தருவதுண்டு. அதை நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். நான் 22 வருடம் சமூக அறிவியல் ஆசிரியராகத்தான் சம்பளம் வாங்கினேன், சாயங்காலம் நாலரைக்கு மேல்தான் வினாடி வினா. ஆனால் என்னை யாராவது பழைய மாணவர் பஸ் ஸ்டாண்டில் பார்த்து ஓடி வந்தால் அது பெரும்பாலும் அந்த நாலரை மணிப் பிள்ளைதான்.

சரி, என்ன சொல்லிக்கொடுப்பது? ஆரம்பத்தில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். பொது அறிவுப் புத்தகம் ஒன்றைப் பிரித்து, தினம் ஐம்பது கேள்வி மனப்பாடம் பண்ணச் சொல்லிக்கொண்டிருந்தேன், அதையே பல வருடம் விடாமல் செய்தேன். 2014-இல் ஒரு போட்டி, மேடையில் எங்கள் அணிக்கு வந்த கேள்வி, உலகிலேயே மிக நீளமான ரயில்வே பிளாட்பாரம் எது என்று. பையன் யோசிக்கவே இல்லை, டக்கென்று கரக்பூர் என்றான். தவறு என்றார்கள். 2013-லேயே கோரக்பூர் அதை முந்திவிட்டது, என் புத்தகம் அதற்கு முன்னால் அச்சடித்தது. பையன் மேடையிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தான், அந்தப் பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அவன் படித்தது சரியாகத்தான் படித்தான், கொடுத்தவன் நான். (இப்போது கோரக்பூரும் இல்லை, ஹூப்ளி.)

அன்றோடு மனப்பாடத்தை விட்டேன்.

இந்தியாவில் முறையான வினாடி வினா 1967-இல் கல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் தொடங்கி வைத்தது என்பார்கள், 1972-இல் போர்ன்விட்டா குவிஸ் வானொலியில் வந்தது. அதற்கப்புறம் கேள்வியின் தன்மையே மாறிப்போனது. இன்றைக்கு ஒரு நல்ல கேள்வி நாலைந்து வரி இருக்கும், விடைக்குப் போகிற வழியும் அதற்குள்ளேயே இருக்கும். அந்த வழியைக் கண்டுபிடிக்கப் பழக்குவதுதான் நம் வேலை, விடையை ஊட்டுவது இல்லை.

ஒரு உதாரணம். நான் வகுப்பில் கேட்டது: "1914 செப்டம்பரில் ஒரு இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்த கப்பல். இதன் பெயரை நம் ஊரில் இன்றும் மனிதர்களுக்குச் சொல்கிறார்கள். எது?" மூன்று பேர் அணி. ஒருத்தி 1914 என்றதும் முதல் உலகப் போர், அப்படியானால் ஜெர்மனிக் கப்பல் என்றாள். அடுத்தவன், மனிதர்களுக்குச் சொல்கிற பெயர் என்றால் பட்டப்பெயராக இருக்கும் என்றான். அதோடு நின்றுவிட்டார்கள். மூன்றாவது ஒரு பையன், வாயே திறக்க மாட்டான், மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தவன், மெதுவாகச் சொன்னான், "சார், எங்க ஆச்சி எங்க மாமாவை அவன் பெரிய எம்டன்னு சொல்லும்." அவ்வளவுதான், எம்டன்! கப்பலைப் பற்றி அவன் ஒரு வரி படித்ததில்லை. மூன்று பேரிடமும் ஆளுக்கு ஒரு துண்டு இருந்தது, சேர்த்துப் பார்த்தால் விடை. பேசாத பிள்ளையை அணியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான், ஆனால் மற்ற இரண்டு பேருக்கும் அவனைப் பேச விடப் பழக்க வேண்டும், அதற்கே எனக்கு ஒரு டெர்ம் ஆனது.

அப்புறம், தவறான விடைகளுக்கு ஒரு நோட்டு போடுங்கள். பிள்ளை என்ன சொன்னான், ஏன் அப்படித் தோன்றியது, இரண்டு வரி போதும். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால், ஒருவன் வருடத்தைக் கவனிக்காமல் விடுகிறான், இன்னொருத்திக்கு விடை தெரிந்தும் சொல்லப் பயம் என்று பளிச்சென்று தெரியும். பயம் முக்கியம். பல போட்டிகளில் தங்கள் முறை வரும் முன்பே சீட்டில் விடை எழுதிக் கொடுக்கலாம், சரியென்றால் 10, தப்பென்றால் மைனஸ் 5 என்பது வழக்கமான கணக்கு. பாதி நம்பிக்கை இருந்தாலே எழுதலாம், கணக்குப்படி அது லாபம்தான். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் பயந்த பிள்ளைகளும் எழுத ஆரம்பிக்கிறார்கள்.

ஒரு கஷ்டம் கட்டாயம் வரும். ஒன்பதாம் வகுப்பில் அணி நன்றாகத் தேறியிருக்கும், பத்துக்குப் போனதும் பெற்றோர் வந்து "சார், பப்ளிக் எக்ஸாம், இந்த வருஷம் வேண்டாம்" என்பார்கள். சண்டை போடாதீர்கள், அவர்கள் கவலை நியாயமானது. எனக்கும் ஒவ்வொரு ஜூனிலும் கை ஒடிந்த மாதிரிதான் இருந்தது, ஆறாம் வகுப்பிலிருந்து ஆள் பிடிக்கக் கற்றுக்கொள்ளும்வரை. அதனால் இந்த வாரமே ஆறாம் வகுப்பில் இரண்டு பேரைக் கூட்டி வந்து பின் பெஞ்சில் உட்கார வையுங்கள், பெரிய பிள்ளைகளுக்கு மார்க் போடுகிற வேலையை அவர்களிடம் கொடுங்கள். நாலாவது வாரம் அவர்களே விடை சொல்லத் துடிப்பார்கள், அப்போது முன்னால் கூப்பிடுங்கள்.