2000ல வந்த பிஎஸ்2 இப்ப வாங்கலாமா? அப்பத்தா வீட்டு டிவில போட்டுப் பாத்தேன்

வணக்கம் மக்களே, ஆடியோ கேக்குதா, ஃபேன் சத்தம் கொஞ்சம் வரும், அத ஆஃப் பண்ணா இந்த மதுரை வெயில்ல நா வெந்துருவேன், அதனால கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

இதோ பாருங்க, பிஎஸ்2, அதாவது சோனியோட ப்ளேஸ்டேஷன் 2, டிவில மாட்டி கேம் ஆடுற மெஷின், இது ஸ்லிம் மாடல். எங்க சித்தப்பா பையனோடது, அவன் காலேஜ் படிக்கிறப்ப அடம் புடிச்சு வாங்குனது, இப்ப அவனுக்கு ரெண்டு புள்ளைங்க, போன மாசம் வீடு காலி பண்றப்ப "எடைக்குப் போடவா, உனக்கு வேணுமா"ன்னு கேட்டான், எடைக்கா, டேய்னு அன்னிக்கே பைக்க எடுத்துட்டுப் போயிட்டேன்.

2000 மார்ச்ல ஜப்பான்ல வந்த மெஷின் மக்களே இது, 2013 வரைக்கும் தயாரிச்சிருக்காங்க, 15 கோடிக்கு மேல வித்திருக்கு. உள்ள ரேம் எவ்வளவு தெரியுமா, 32 எம்பி. ஜிபி இல்ல, எம்பி. உங்க வாட்ஸ்அப்ல வர்ற குட் மார்னிங் வீடியோ சிலது அத விடப் பெருசா இருக்கும், அதுக்குள்ள ஒரு முழு சிட்டியவே கேமா ஓட்டியிருக்கான்.

சரி, இப்ப இத ஆடலாமா வேணாமாங்கிறதுதான கேள்வி. மொத நாள் என்கிட்ட கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன், ஏன்னா ஹால்ல இருக்க 43 இன்ச் 4கே டிவில மாட்டுனேன். அதுல மஞ்சள் சிவப்பு வெள்ளை குத்துற ஏவி ஓட்டையே கிடையாது, 400 ரூபாய்க்கு ஒரு சின்ன எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் டப்பா வாங்கிட்டு வந்து மாட்டுனா, படம் தண்ணி ஊத்துன கோலம் மாதிரி இருக்கு, ஓரமெல்லாம் கலங்கிப் போயி, எழுத்தப் படிக்கவே முடியல. சரி பரவால்லன்னு கிரிக்கெட் 07 போட்டேன். மக்களே, ஸ்டம்ப் பறந்ததுக்கு அப்புறம் இவன் பேட்டத் தூக்குறான். ஆறு பால்ல நாலு விக்கெட்டு. நமக்கு வயசாயிடுச்சு, கை ஸ்லோ ஆயிடுச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்.

அப்புறம் தான் யோசிச்சேன், தப்பு என் மேலயும் இல்ல, பிஎஸ்2 மேலயும் இல்ல, டிவி மேல. என்னன்னா, பிஎஸ்2ல பெரும்பாலான கேம் படத்த முழுசா ஒரே தடவைல அனுப்பாது, ஒத்தப்படை வரியெல்லாம் ஒரு தடவை, இரட்டைப்படை வரியெல்லாம் அடுத்த தடவை, இப்படி மாத்தி மாத்தித் தான் அனுப்பும். பழைய பொட்டி டிவி அதுக்குன்னே செஞ்சது, வர்ற வரிய வந்த உடனே கண்ணாடில வரைஞ்சுட்டுப் போயிரும். இந்த எல்இடி டிவி என்ன பண்ணும், ரெண்டையும் வாங்கி வச்சு, சேத்து, அத 4கே அளவுக்கு இழுத்து, பாலிஷ் போட்டு, அப்புறம் தான் காட்டும், அதுக்குள்ள பால் கீப்பர் கைக்குப் போயிருக்கும். டிவி செட்டிங்ல இருக்க கேம் மோடு ஆன் பண்ணா இந்த லேட்டு கொஞ்சம் கொறையும், முழுசாப் போகாது.

அப்பத் தான் எனக்கு அப்பத்தா வீட்டு டிவி ஞாபகம் வந்துச்சு. உசிலம்பட்டி பக்கம் ஊரு. 2006ல ஆரம்பிச்சு கவர்மெண்ட்ல வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி குடுத்தாங்கல்ல, 14 இன்ச்சு, அதே தான். பரண் மேல பழைய சேலையப் போத்தி வச்சிருந்துச்சு. நா எறக்குறதப் பாத்துட்டு அப்பத்தா, "ஏய்யா, உங்க வீட்லதான் செவுரு அகலத்துக்கு டிவி மாட்டியிருக்கீகளே, இத எதுக்குய்யா தூக்கிட்டுப் போற"ங்குது. விளையாடன்னு சொன்னேன். ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க. மினி பஸ்ல மடியில வச்சே கொண்டு வந்தேன், கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டு போட்டுட்டாரு.

இருங்க, கேமராவக் கிட்டக் கொண்டு வர்றேன். ஸ்விட்ச் போடுறேன், கேளுங்க... அந்த "டொய்ங்"னு சத்தம் கேட்டுச்சா? கையக் கண்ணாடி கிட்டக் கொண்டு போனா முடியெல்லாம் எந்திரிச்சு நிக்குது பாருங்க. சின்னப் பசங்களுக்கு ஒரு விஷயம், பின்னாடி மூடிய மட்டும் தொறந்துறாதீங்க, ஆஃப் பண்ணி வச்சிருந்தாலும் உள்ள கரண்ட் தேங்கி நிக்கும், தூக்கி அடிச்சிரும்.

இப்ப பிஎஸ்2 ஆன். இந்த இருட்டுக்குள்ள டவர் டவரா எந்திரிக்குதுல்ல, இது சும்மா டிசைன்னு தான் நா இத்தன வருஷமா நெனச்சேன், இல்லியாம், கேம் சேவ் ஆகுற மெமரி கார்டுல இருக்க கணக்க வச்சு வர்றது, ஒரு கேமுக்கு ஒரு டவர், எவ்வளவு தடவ போட்டு ஆடுனோமோ அவ்வளவு ஒசரம். இந்தக் கார்டு என் தம்பியோட பழைய கார்டு. அந்த ஒசரமா ஒண்ணு நிக்குது பாருங்க, அது சத்தியமா ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் தான், கார் ஓட்டி ஊரு ஊராச் சுத்துற கேம், ரெண்டு பேரும் ஒரு கோடை லீவு முழுக்க அதத் தவிர வேற எதுவும் ஆடல. இந்த மெஷினப் போயி எங்க சித்தப்பா பையன் எடைக்குப் போடவாங்கிறான்.

படத்தப் பாருங்க இப்ப. நேர்ல இன்னும் நல்லா இருக்கும், கேமராவுல கோடு ஓடுது. ஓரமெல்லாம் மெத்துனு இருக்கு, கலர் அப்படியே நிக்குது, பேட்டு அமுக்குன நொடில வருது. இந்தக் கிரிக்கெட் 07ல இந்தியா டீமுக்கு லைசென்ஸ் இல்லாததால பிளேயர் பேரெல்லாம் மாத்தி வச்சிருப்பான், அது வேற காமெடி.

சான் ஆண்ட்ரியாஸ் பத்திச் சொல்லியே ஆகணும். 2021ல அத புதுசாப் பண்ணி விட்டாங்கல்ல, எல்லாம் பளபளன்னு, ஆனா தூரத்துல இருந்த அந்தப் புகை மூட்டத்த எடுத்துட்டான். பிஎஸ்2ல அந்தப் புகை எதுக்கு இருந்துச்சு, மெஷினால தூரத்த வரைய முடியாது, அத மறைக்கத் தான். ஆனா அத எடுத்த உடனே என்ன ஆச்சு, மலை உச்சில ஏறி நின்னா மூணு சிட்டியும் பக்கத்துப் பக்கத்துல தெரியுது, ஊரே ஒரு தெப்பக்குளம் சைஸ் ஆயிருச்சு, நாம நாள் முழுக்க ஓட்டிட்டுப் போன ரோடா இதுன்னு ஆயிருச்சு. ஜனங்க திட்டுன திட்டுல அப்டேட்ல திருப்பிக் குடுத்தாங்க. இங்க இந்த 14 இன்ச்சுல பாருங்க, அந்தச் செம்மண் கலர் சாயங்காலம், ஊரு எங்க முடியுதுன்னே தெரியல.

இன்னொண்ணு இந்தக் கண்ட்ரோலர். இதுல எக்ஸ் பட்டன், ஸ்கொயர் பட்டன் எல்லாம் எவ்வளவு அழுத்தி அமுக்குறோம்னு மெஷினுக்குத் தெரியும். மெட்டல் கியர் சாலிட் 3ங்கிற கேம்ல துப்பாக்கியக் குறி வச்சுட்டு சுட வேணாம்னு தோணுனா, பட்டன மெதுவா விடணும், டக்குனு விட்டா வெடிச்சிரும். எத்தன தடவ தெரியாமச் சுட்டு மாட்டிருக்கேன். பிஎஸ்4 கண்ட்ரோலர்லயே அத எடுத்துட்டாங்க.

சரி, ரொம்பப் புகழ்ந்துட்டேன், திட்டவும் செய்யணும்ல. லோடிங் வரும் பாருங்க, டீ போட்டுக் குடிச்சுட்டு வந்துரலாம். நெறைய கேம்ல நெனச்ச எடத்துல சேவ் பண்ண முடியாது, அம்மா கடைக்குப் போகச் சொன்னா அரை மணி நேரம் கெஞ்சணும். ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் நல்ல கேம் தான், ஆனா இந்த மெஷின்ல அது மூச்சு வாங்கித் தான் ஓடும், அதுக்கு பிஎஸ்4 வெர்ஷனுக்கே போயிருங்க. ஹனுமான் பாய் வாரியர்னு 2009ல ஹைதராபாத் கம்பெனி ஒண்ணு பண்ண கேமும் வச்சிருக்கேன், இந்தியாவுலயே உருவாக்குன மொத பிஎஸ்2 கேம், அதுக்காகத் தான் வச்சிருக்கேன், ஆட முடியாது சாமி.

வாங்குறதா இருந்தா கடைல டிஸ்க் போட்டு ஓட்டிப் பாக்காம காச எடுக்காதீங்க, லென்ஸ் தான் மொதல்ல போற ஐட்டம். ஸ்லிம்முக்கு வெளிய வர்ற அடாப்டர் 8.5 வோல்ட், பின் நொழையுதுன்னு வேற எதையாவது குத்திறாதீங்க. மெமரி கார்டு ஒரிஜினல் 8 எம்பி தான், 128 எம்பின்னு ஒரு கடைல ஒண்ணு குடுத்தாங்க, மூணாவது நாள் எல்லா சேவும் போச்சு, கேட்டா "நீங்க எப்படி யூஸ் பண்ணீங்க சார்"ங்கிறாரு. கார்ட வேற எப்படி யூஸ் பண்றது, தோசையா சுடுறது. பொட்டி டிவி கெடைக்கலயா, உங்க எல்இடி டிவில பச்சை நீலம் சிவப்பு ஓட்டை இருந்தா காம்போனென்ட் கேபிள் போடுங்க, அந்த 400 ரூபா டப்பாவுக்கு அது எவ்வளவோ தேவலாம். அதுவும் இல்லன்னா, உண்மையச் சொல்றேன், கன்சோல் வாங்காதீங்க, கொஞ்சம் நல்ல கம்ப்யூட்டர் இருந்தா எமுலேட்டர்லயே, அதாவது பிஎஸ்2 மாதிரியே வேலை செய்ற சாஃப்ட்வேர்லயே ஆடிக்கலாம், படம் இத விடத் தெளிவா இருக்கும். பொட்டி டிவி இருந்தா மட்டும் யோசிக்காம வாங்குங்க.

என் நெலமை என்னன்னா, நேத்து அப்பத்தா வந்துச்சு. நா ஆடுறத ஒரு பத்து நிமிஷம் உக்காந்து பாத்துச்சு. "அட, படம் இம்புட்டு நல்லாத் தெரியுதே, நீ ஞாயித்துக் கெழம கொண்டாந்து அடுப்படில வச்சுரு, நா சமைச்சுக்கிட்டே நாடகம் பாப்பேன்"னு சொல்லிட்டுப் போயிருச்சு. எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன். மதுரைப் பக்கம் யார் வீட்டுப் பரண்லயாவது ஏவி ஓட்டையோட ஒரு பொட்டி டிவி சும்மாக் கெடந்தா சொல்லுங்க மக்களே, வந்து நானே எறக்கிக்கிறேன், ஞாயித்துக் கெழமைக்குள்ள.