ஸ்ப்ரூஸ் சின்கோனா விதையோட கன்றையும் ஏன் அனுப்பினார்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

நேயர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: "ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் ஈக்வடார்லேர்ந்து ஊட்டிக்குச் சின்கோனா அனுப்பினார்னு சொன்னீங்க. விதைதான் கையில இருக்கே, அவ்வளவு பாடுபட்டுக் கன்றையும் எதுக்குப் பெட்டியில ஏத்தணும்?"

சின்கோனான்னா மலேரியாவுக்கான கொய்னா மருந்தைப் பட்டையில தர்ற மரம்; ஸ்ப்ரூஸ் அதைச் சேகரிச்ச ஆங்கிலேயத் தாவரவியலாளர். விதை, கன்று ரெண்டுல எதையும் தனியா நம்ப முடியாதுங்க. விதை ஒரு விதத்துல கெடும், கன்று வேற விதத்துல கெடும்.

முதல்ல விதை. சின்கோனா விதை ரொம்பச் சின்னது, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசா சுத்திலும் ஒரு இறக்கை. காய் முத்தினதும் அடியிலேர்ந்து மேல்நோக்கிப் பிளக்கும். பிளந்துட்டா காத்து அள்ளிட்டுப் போயிடும். முன்னாடியே பறிச்சா விதை முத்தியிருக்காது. அதனால பிளக்கப்போற நேரம் பாத்துத்தான் பறிக்கணும். 1860-ல சிம்போராசோ மலையோட மேற்குச் சரிவுல, லிமோன்ங்கிற இடத்துல மாசக்கணக்கா அவர் காத்திருந்தது இதுக்குத்தான். அந்த ஏப்ரல்லதான் முதுகும் காலும் முடங்கிப் போயிருந்துச்சு, அதோடயே இந்த வேலையைச் செஞ்சார்.

பறிச்ச முறையைக் கவனிங்க. மரத்தடியில துணி விரிச்சாங்க. உள்ளூர்க்காரர் ஒருத்தர் மேல ஏறி, காய்க்கொத்தை மெதுவா ஒடிச்சு அந்தத் துணி மேலயே விழவிட்டார். விழும்போது உதிர்ற விதையும் வீணாகல. அதே துணியிலயே சில நாள் உலர்த்தினாங்க. காய் சுமார் 2,500, காய்க்கு 40 விதைன்னு அவர் போட்ட கணக்குப்படி ஒரு லட்சம் விதை. சரியா உலராம கட்டினா பூசணம் பிடிக்கும்; நல்லா உலர்ந்ததும்கூட நாளாக ஆக முளைப்புத்திறன் குறைஞ்சிட்டே வரும். கடல் தாண்டிப் போய் எத்தனை முளைக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

கன்று வந்தது அதனாலதான். ராபர்ட் கிராஸ்ங்கிற தோட்டக்காரர் லிமோன்லயே போத்து, அதாவது வெட்டின கிளைத்துண்டு, நட்டு வேர்பிடிக்க வச்சார். அதை ஏத்தினது வார்டியன் பெட்டியில: மரப்பெட்டி, மேல கண்ணாடிக் கூரை. இலை விடுற ஈரம் கண்ணாடியில வேர்த்து மண்ணுக்கே சொட்டும். உப்புக்காத்தும் செடியில படாது. ஆனா கண்ணாடி உடைஞ்சா எல்லாம் போச்சு. அதனால ஆத்துப் பயணத்துக்குக் கண்ணாடியே பொருத்தாம, நனைச்ச காலிகோங்கிற பருத்தித் துணியைப் பட்டை பட்டையா இழுத்துக் கட்டினாங்க. அது எவ்வளவு சரியான முடிவு! வெள்ளம் ஓடுற ஆத்துல தெப்பம் கரையோர மரக்கிளைகள்ல மோதி, பெட்டிகள் தூக்கிப் போட்டு ஒன்னோட ஒன்னு இடிச்சுக்கிச்சு, தெப்பத்து மேல இருந்த குடிசையோட கூரை நொறுங்கிச்சு. கண்ணாடி இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? குவாயாகில் துறைமுகம் வந்தப்புறம்தான் கண்ணாடி. 637 கன்று, 1861 ஜனவரி தொடக்கத்துல கிராஸோட கப்பலேறிச்சு.

இதுல காலமும் முக்கியம். சின்கோனாவை இந்தியாவுக்குக் கொண்டுவர்ற வேலைக்குத் தலைமை தாங்கின கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860-ல பெருவுலேர்ந்து தானே கொண்டுவந்த, கலிசாயாங்கிற சின்கோனா வகைக் கன்றுகள் செங்கடல் சூட்டுல வாடி, ஊட்டி வந்தும் பிழைக்கல. ஸ்ப்ரூஸ் அனுப்பின சிவப்புப் பட்டைங்கிற வகைக் கன்றுகள் அந்தக் கோடைக்கு முன்னாடியே கடந்து 1861-ல நல்லபடியா வந்து சேந்துச்சு. விதையும் வந்து, ஊட்டித் தோட்டத்துப் பொறுப்பாளர் மெக்ஐவர் கையில முளைச்சது. தொட்டபெட்டா, நடுவட்டம் தோட்டங்கள் அப்படிக் கிளம்பினதுதான். பேரு பெரும்பாலும் மார்க்கமுக்குப் போச்சு. என்னைக் கேட்டா அது ஸ்ப்ரூஸுக்கும் கிராஸுக்கும், மரமேறின அந்தப் பேர் தெரியாத ஆளுக்கும் சேர வேண்டியது.

இன்னொன்னையும் சொல்லியாகணும். 1861-லயே ஈக்வடார் சின்கோனா விதையும் கன்றும் நாட்டை விட்டுப் போகக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. தன் மரத்தோட மதிப்பு அந்த நாட்டுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, தடைதான் பிந்திடுச்சு.

சிவப்புப் பட்டை மரம் நீலகிரியில திடமா வளந்துச்சு. ஆனா அதுல கொய்னா அளவு கம்மி, பட்டையில இருக்கிற இன்னொரு பொருளான சின்கோனிடின்தான் கூட. அதனாலதான் பின்னால கொய்னாவுக்குன்னே லெட்ஜெரியானாங்கிற இன்னொரு சின்கோனா வகையைத் தேட வேண்டி வந்துச்சு.