பழைய காரின் வாட்டர் பம்பும் அதன் ஜாதகமும்

வணக்கம் நேயர்களே.

பழைய காரை அசல் நிலைக்குக் கொண்டுவருபவர்கள் பெயின்டுக்கும் சீட் துணிக்கும் மாதக்கணக்கில் அலைவார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் பாகங்கள் என்று வரும்போது மட்டும், காரின் பெயரையும் வருடத்தையும் சொல்லி, கிடைத்ததை வாங்கி மாட்டிவிடுவார்கள். ஒரே மாடலில், ஒரே வருட நடுவில்கூட, எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் மாறியிருக்கும். அதனால் பாகத்தின் எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அந்த எண் வாட்டர் பம்பின் உடம்பிலேயே இருக்கிறது. பிசுக்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கையாக வைத்துத் தேயுங்கள். வார்ப்பில் புடைத்து நிற்கும் எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும். ஜெனரல் மோட்டார்ஸ் பம்பில் ‘சி 14 7’ என்று இருந்தால் வார்த்த தேதி மார்ச் 14, வருடம் 7-இல் முடிகிறது என்று பொருள். ஏ ஜனவரி, எல் டிசம்பர். அது 1957-ஆ, 1967-ஆ என்பதை வார்ப்பில் உள்ள பாக எண்தான் சொல்லும். வார்த்த தேதி, கார் தயாரான தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். பிந்தியிருந்தால் அது இடையில் யாரோ மாற்றிய பம்ப்.

ஃபோர்டில் எண்ணே ஜாதகம். ‘சி5ஏஇ’ என்பதில் சி என்றால் 1960-கள், 5 என்றால் 1965, ஏ என்றால் பெரிய கார், இ என்றால் எஞ்சின் பிரிவு. இது வடிவமைத்த வருடம் என்பதால், 1967 காரிலும் இதே எண் அசலாகவே இருக்கலாம். பலர் தடுக்கி விழும் இடம் அடுத்தது. வார்ப்பில் 8505 என்று இருக்கும். அது பம்பின் வெளிக்கூட்டுக்கு மட்டும் உரிய எண். பாகப் பட்டியலில் முழுப் பம்பை 8501-இல் தேட வேண்டும்.

எண் தெரிந்த பிறகும் அளவுகோலை எடுங்கள். ஷெவர்லே சிறிய வி8 எஞ்சினுக்குக் குட்டைப் பம்ப், நெட்டைப் பம்ப் என இரண்டு உண்டு. எஞ்சினில் பதியும் முகத்திலிருந்து, பெல்ட் ஓடும் புல்லியை மாட்டும் ஹப் வரை ஒன்று சுமார் ஐந்தரை அங்குலம், மற்றது ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. போல்ட் துளைகள் பொருந்திவிடும். ஆனால் புல்லிகள் ஒரே கோட்டில் நிற்காமல் பெல்ட் கழன்று ஓடும்.

அந்தக் காலத்தில் விற்காமல் தங்கிய, பெட்டி பிரிக்காத பழைய இருப்பு கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் பத்து இருபது வருடம் உட்கார்ந்திருந்த பம்பில் சீல் காய்ந்து, கிரீஸ் இறுகியிருக்கும். அப்படியே மாட்டினால் சில நாளில் அடியிலுள்ள கசிவுத் துளையில் தண்ணீர் சொட்டும். அந்தத் துளையை அடைப்பது பெரும் தவறு, தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடும். என் கணிப்பில், காரோடு வந்த கூட்டையே வைத்துக்கொண்டு பேரிங்கையும் சீலையும் புதிதாகப் போடுவதே நல்லது. பிரிக்கும் முன், தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லருக்கும் கூட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து குறித்துக்கொண்டு, அதே அளவில் திரும்ப அழுத்துங்கள்.

எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதில் டிகிரியை மட்டும் பார்த்து வாங்குவார்கள். பழைய ஜாகுவார் எக்ஸ்கே போன்ற எஞ்சின்களில் அதன் அடியில் ஒரு பித்தளை வளையம் இருக்கும். வால்வு திறக்கும்போது இந்த வளையம் நகர்ந்து, ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் பைபாஸ் வழியைப் பக்கத்தில் மூடும். வளையம் இல்லாத புதிய வகையைப் போட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பும். ரேடியேட்டரை எத்தனை முறை கழுவினாலும் சூடு இறங்காததற்கு இது ஒரு காரணம். வாங்கியதைத் தண்ணீர்ப் பாத்திரத்தில், அடி தொடாமல் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சிப் பாருங்கள். 82 என்று பொறித்திருந்தால் 82 டிகிரி செல்சியஸை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியில் அழுத்தமும் ஆழமும் சரியாக இருக்க வேண்டும். அழுத்தத்தின் அளவான பிஎஸ்ஐ ஒன்று கூடினால் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி செல்சியஸ் உயரும் என்பது உண்மை. அதற்காக 7 பிஎஸ்ஐ ரேடியேட்டருக்கு 15 போட்டால் பழைய ஈயப் பற்றுதான் பிளக்கும். ஆழமான கழுத்தில் குட்டை மூடி போட்டால் அழுத்தமே நிற்காது.

ரேடியேட்டர் அடைத்திருந்தால் நடுவில் ‘கோர்’ எனப்படும் மெல்லிய குழாய்த் தொகுப்பை மட்டும் புதிதாக வைக்கச் சொல்லுங்கள். மேல் தொட்டி, கீழ்த் தொட்டி, எண் பொறித்த தகடு மூன்றும் பழையதாகவே இருக்கட்டும். திரும்ப மாட்டும் முன், சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் பிளாக்கைக் கழுவுங்கள். கடைசி சிலிண்டரைச் சுற்றிப் படிந்த துரு, புதுக் குழாய்த் தொகுப்பை மறுபடி அடைத்துவிடும்.

ரேடியேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ஹோஸில் பழைய இருப்பு வேண்டாம், ரப்பர் வெடித்திருக்கும். அதை வடிவத்துக்கு மாதிரியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கீழ் ஹோஸுக்குள் கம்பிச் சுருள் இருந்திருந்தால், அதை எடுத்துத் துருவைத் தேய்த்துப் புதிய ஹோஸுக்குள் செருகுங்கள். எல்லாம் மாட்டி, எஞ்சின் சூடானதும் வேகத்தைக் கூட்டிக் கீழ் ஹோஸைப் பாருங்கள். பம்ப் உறிஞ்சும் வேகத்தில் அது சப்பையாக ஒடுங்கினால், சுருள் உள்ளே இல்லை, அல்லது ரேடியேட்டரில் இன்னும் அடைப்பு இருக்கிறது.

நன்றி, வணக்கம்.