கடைக்குட்டி பிரிப்பான், மூத்தவன் எடுப்பான்: வேல்ஸ் விவசாயிகளின் பாகப்பிரிவினை

[காட்சி: மலைச்சரிவில் கல்சுவர்களால் தடுத்த வயல்கள்]

தகப்பன் இறந்துவிட்டார், மகன்கள் நான்கு பேர். நிலத்தை யார் பங்கு பிரிப்பது? இடைக்கால வேல்ஸில் அந்தப் பொறுப்பு கடைக்குட்டியுடையது. முதலில் எடுக்கும் உரிமை மூத்தவனுக்கு. பிறகு வயது வரிசைப்படி மற்றவர்கள் எடுப்பார்கள். மிஞ்சுவதுதான் பிரித்தவனுக்கு. ஒரு பங்கில் ஓடைக்கரையையும் இன்னொன்றில் பாறையையும் வைத்தால், பாறை தன் தலையில்தான் விழும் என்று அவனுக்குத் தெரியும். பாகப்பிரிவினைக்கு இதைவிட நேர்மையான வழியை நான் படித்ததில்லை.

[காட்சி: பழைய சட்டச் சுவடி]

பத்தாம் நூற்றாண்டு மன்னர் ஹவெல் தாவின் பெயரால் வழங்கும் சட்டங்கள் இவை. பூர்வீக வீடும், வீட்டை ஒட்டிய எட்டு ஏக்கரும் கடைக்குட்டிக்கே. அந்த ஏக்கர் அவர்களுடைய பழைய அளவு. இன்றைய ஏக்கர் அல்ல. கூடவே மூன்று பொருள்கள்: சமையல் கொப்பரை, விறகு வெட்டும் கோடரி, கலப்பையில் மண்ணைக் கீறும் கத்தி. அடுப்பு, விறகு, உழவு என்று ஒரு குடும்பம் நடக்கத் தேவையானவை. இவற்றை வேறு மகனுக்குக் கொடுக்கத் தகப்பனுக்கே உரிமை இல்லை.

திருமணத்துக்கு வெளியே பிறந்தவனையும் தகப்பன் மகனாக ஏற்றுக்கொண்டால் அவனும் பங்காளிதான். ஆனால் மகள்களுக்கு நிலத்தில் பங்கு கிடையாது. இந்த நேர்மை வாசற்படியோடு நின்றுவிட்டது என்பதை மறைக்கக் கூடாது.

[காட்சி: ருத்லன் கோட்டை]

வேல்ஸைக் கைப்பற்றிய இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட், 1284-இல் ருத்லன் சட்டத்தின் மூலம் பங்கு முறையை அப்படியே விட்டுவைத்தார். திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்களை மட்டும் விலக்கினார். மகன் இல்லாத வீட்டில் மகள் வாரிசாகலாம் என்றார். தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டானது. வசதி படைத்தவர்கள் துண்டுகளை வாங்கிச் சேர்த்தார்கள். கடைசியில் எட்டாம் ஹென்றி காலத்தில், 1543-ஆம் ஆண்டுச் சட்டம் பங்கு முறையை ஒழித்தது. உயில் இல்லாமல் தகப்பன் இறந்தால், நிலம் முழுவதும் மூத்தவனுக்கு.

[காட்சி: பழுப்பேறிய உயில், கையெழுத்துக்குப் பதில் ஒரு சிலுவைக் குறி]

அப்படியானால் மற்றப் பிள்ளைகள்? அவர்களைப் பற்றிய கவலையை உயில்களில் பார்க்கலாம். ஒரு மகனுக்குப் பசுவும் சில ஆடுகளும், மகளுக்கு இறகு மெத்தையும் பித்தளைப் பாத்திரமும், இன்னொருவனுக்குச் சில பவுண்டு பணம். ஆள் இறந்ததும் அக்கம்பக்கத்தார் வந்து காளை, தானியம், கட்டில் என ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுப் பட்டியல் எழுதுவார்கள். வீட்டில் பேசியது வெல்ஷ்; உயில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

அசையும் சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கட்டாயப் பங்கு தரும் வழக்கமும் வேல்ஸில் இருந்தது. 1696-இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. அதன்பின் விதவையின் நிலை கணவன் எழுதிய வரிகளைப் பொறுத்ததாயிற்று. மனைவியோ, கணவன் உயிரோடு இருக்கும்வரை அவன் சம்மதமின்றித் தன் உயிலைக்கூட எழுத முடியாது. 1882 வரை இதே நிலைதான்.

[காட்சி: அபெரிஸ்ட்வித், தேசிய நூலகம்]

1858 வரை உயில்களை உறுதிசெய்தவை திருச்சபை நீதிமன்றங்கள். அந்தக் காலத்து உயில்கள் 1,90,000-க்கும் மேல் இந்த நூலகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் படிக்கலாம். மூத்த மகனுக்கு ஒரே ஒரு ஷில்லிங் என்று எழுதியிருந்தால், தகப்பன் அவனை வெறுத்தார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அவன் கல்யாணத்தின்போதே பண்ணையோ கால்நடைகளோ கைமாறியிருக்கலாம். பெயர் விடுபடவில்லை, இவனுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது என்று காட்டத்தான் பல உயில்களில் அந்த ஒரு ஷில்லிங்.